உப்புத் தண்ணீர் ஊரில் சின்ன மீன்கள்

நான் அய்யா என்று கூப்பிடும் என் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுக்க மதுரைக்குக் கூட்டிப்போன அன்றுதான் நான் அந்தத் தொட்டியைப் பார்த்தேன். அவரை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். காத்திருக்கிற கூடத்தில் நாற்காலிகள் இருந்தன, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. வாசல்வரை போனேன், வந்தேன். தண்ணீர் குடித்தேன். திரும்பவும் வாசல்வரை போனேன். "என்னம்மா வேணும்?" என்று காவலாளி இரண்டு முறை கேட்டுவிட்டார். அவருக்குப் பயந்து ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது.

அதற்குள் பொம்மைக் கோட்டையோ, வாய் திறந்து மூடும் பிளாஸ்டிக் சிப்பியோ, கலர்க் கற்களோ எதுவும் இல்லை. முழுக்கச் செடி. ஒரு மரக்கட்டை, அதன்மேல் பாசி. நடுவில் என் சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இல்லாத மீன்கள், நாற்பதோ ஐம்பதோ இருக்கும். உடம்பில் நீலக் கோடு, வால் பக்கம் சிவப்பு. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. யாரோ நடந்துபோன நிழல் விழுந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பின. ஒன்றின்மேல் ஒன்று இடிக்கவில்லை. அய்யாவின் பேரைச் சொல்லி நர்ஸ் இரண்டாவது தடவை கத்தியபோதுதான் நான் எழுந்தேன்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். காலை ஆறு மணிக்கெல்லாம் வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். ஒருவருக்குக் கையில் கட்டு இறுக்கும்போதே அடுத்தவரின் நரம்பைக் கண்ணால் தேடிக்கொண்டிருப்பேன். அந்த வருடம் வைகாசியில் முதலாளி நிலையத்தை மூடிவிட்டு மகனோடு இருக்கக் கோயமுத்தூர் போய்விட்டார். ஆனியில் என் மகள் கல்லூரி விடுதியில் சேரத் திருச்சிக்குப் போனாள். கணவருக்கு மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலை. காலையில் போனால் சாயந்திரம்தான் வருவார். எனக்கு வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. சமையலறை அலமாரியை மாற்றி அடுக்கினேன். நான்கு நாள் கழித்துப் பழையபடியே அடுக்கினேன். காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து எங்கும் போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

இந்த நிலைமையில் இருந்தவளின் வீட்டுக்குத்தான் அய்யா வந்து சேர்ந்தார். ஊரில் இரண்டு மாடும் ஏழெட்டு ஆடுகளும் இருப்பதால் அம்மா வர முடியவில்லை. ஒரு மாதத்துக்குக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, புழுதியில் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புழுதியில் போகாதே என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டு வெளியே போகாதே என்று அர்த்தம்.

நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊரில் நாற்று விட்டு நடுவதில்லை. காய்ந்த கரிசலை உழுது புழுதியாக்கி, அதிலேயே நெல்லைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். கண்ணுக்கு நாள் குறித்தபோது அய்யா டாக்டரிடம் ஒரு வாரம் தள்ளிக் கேட்டது அதற்காகத்தான். மூன்று வயலிலும் விதையைத் தூவி முடித்துவிட்டுத்தான் மதுரைக்கு வண்டி ஏறினார். விதை மண்ணுக்குள் கிடந்தது. வானத்தில் ஒன்றுமில்லை.

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் எங்கள் கூடத்துக்கும் கொல்லைக் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவுக்குப் போன்.

"அங்கன இருட்டிக்கிட்டு வருதா?"

"இல்ல."

"மேக்க பாத்தியா?"

"பாத்தேன். வெயிலுதான் அடிக்குது. வைங்க போன, மாடு கத்துது."

வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து அண்ணாந்து பார்ப்பார். கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பார். "இதப் போட்டுப் பாத்தா எந்நேரமும் மழ வர்ற மாதிரியே இருக்கு, ஆத்தா. கழட்டுனா வெயிலு" என்பார்.

ஒரே வீட்டில் இரண்டு பேர் இப்படி நடந்துகொண்டிருக்க முடியாது என்று தோன்றிய ஒரு நாளில்தான் மீன் கடைக்குப் போனேன்.

அரண்மனைப் பக்கம் ஒரு சந்தில் கடை. நடத்துகிற அக்கா கீழக்கரைக்காரர். தலையில் முக்காடும் கையில் மீன் வலையுமாக எப்போதும் ஏதாவது ஒரு தொட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருப்பார். மதுரையில் பார்த்ததைச் சொன்னேன். "நியான் டெட்ரா" என்றார் உடனே. "கூட்டமாத்தான் இருக்கும். ஒண்ணு ரெண்டு வாங்கி விட்டா பயந்தே செத்துப்போகும். ஆனா நம்ம ஊரு தண்ணிக்கு அது நிக்காதும்மா. உப்பு கம்மியான தண்ணி வேணும்."

உப்பை அளக்கிற, பேனா மாதிரி இருக்கும் மீட்டரைத் தன் கடைக் குழாய்த் தண்ணீரில் முக்கிக் காட்டினார். எண் நாலு இலக்கத்துக்கு ஏறி நின்றது. அதையே கேன் தண்ணீரில் முக்கியபோது இரண்டு இலக்கத்துக்கு இறங்கியது. கேன் தண்ணீரோடு, குடிக்க விடுகிற காவிரித் தண்ணீரைக் கலந்து ஊற்றினால் சமாளிக்கலாம் என்றார். பிறகு, நான் கேட்க விரும்பாத ஒன்றைச் சொன்னார்.

"செடிய நட்டு, தண்ணி ஊத்தி, வடிகட்டுற பில்டர ஓடவிட்டுட்டு ஒரு மாசம் மீன் இல்லாம விட்டுரணும்."

"மீன் இல்லாம எதுக்குக்கா ஒரு மாசம்?"

"கண்ணுக்குத் தெரியாத கிருமி வளரணும்மா. நல்ல கிருமி. மீனோட கழிவ அதுதான் திங்கும். அது வளராம மீன விட்டீங்கன்னா, மீனு அதோட மூத்திரத்துலயே செத்துப்போகும். அவசரப்படாதீங்க, அல்லா லேசாக்குவான்."

இரண்டடித் தொட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கூடத்தில் வெயில் படாத சுவரோரம் மேசை போட்டேன். மேசை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்துக் காலுக்கு அடியில் வைத்துச் சரிசெய்தேன். அடியில் செடிக்கான மண், அதன்மேல் கழுவிக் கழுவித் தெளிய வைத்த பொடிக்கல். லேபில் வைத்திருந்த நீள இடுக்கி என்னிடமே இருந்தது. ஒவ்வொரு செடியாக வேரைக் கவ்வி மண்ணுக்குள் சொருகினேன். பாசியை மரக்கட்டையில் பரப்பித் தையல் நூலால் சுற்றினேன். மண் கலையாமல் இருக்க ஒரு தட்டை வைத்து அதன்மேல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டேன். ஐந்து மாதமாகச் சும்மா கிடந்த விரல்களுக்கு வேலை கிடைத்த அன்று எனக்குப் பசிகூட எடுக்கவில்லை.

அய்யா நடப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னாத்தா இது, வயலா?"

"மீன் தொட்டிய்யா."

"மீன எங்க?"

"வரும்."

"தண்ணி இருக்கு, மீனக் காணோம். நம்ம கம்மாயில ரெண்டுமே காணோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் நடக்கத் தொடங்கினார்.

சாயந்திரம் என் கணவர் தன் பங்குக்கு ஒரு பை நிறையக் கடற்கரை வெள்ளை மணலும் சிப்பியும் கொண்டுவந்தார். "அழகா இருக்கும்ல?" என்றார். அழகாகத்தான் இருந்தது. செடிகளுக்கு முன்னால் மணலைப் பாதைபோலப் பரப்பி, சிப்பிகளை அங்கங்கே வைத்தேன். வாங்கப்போகிற மீனின் படத்தைக் காட்டினேன். "எங்க கம்பெனி வாசல்ல சிந்திக் கெடக்குற சூடை மீன் குஞ்சு இதவிடப் பெருசா இருக்குமே" என்று சிரித்தார்.

பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டம். வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? மூன்றாம் நாள் தண்ணீர் பால் போலக் கலங்கியது. ஐந்தாம் நாள் தெளிந்தது. செடிகளின் பழைய இலைகள் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிக் கரைந்தன. இடம் பிடிக்கவில்லை போல என்று பிடுங்கி வேறிடத்தில் நட்டேன், அங்கேயும் கரைந்தன. மரக்கட்டையை இடதிலிருந்து வலதுக்கு மாற்றினேன். மறுநாள் இடதுக்கே கொண்டுவந்தேன். ஒவ்வொரு முறை கையை விடும்போதும் மண் கிளம்பித் தண்ணீர் கலங்கியது. அது தெளிகிறவரை அய்யாவோடு சேர்ந்து நானும் கூடத்தில் நடந்தேன்.

ஒன்பதாம் நாள் கடைக்குப் போய், "தொட்டி ரெடிக்கா" என்றேன். பொய். அக்கா என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பன்னிரண்டு மீன்களை வலையில் பிடித்துப் பையில் விட்டுக் காற்றடைத்துக் கொடுத்தார்.

அன்று மதியம் அவை தொட்டியின் ஒரு மூலையில் ஒட்டி நின்றன. சாயந்திர வெளிச்சத்தில் மெல்ல நடுவுக்கு வந்தன. வந்து, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. நான் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், மகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். அய்யாவையும் இழுத்துக்கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்து, "மின்னுதே!" என்றார்.

மூன்றாம் நாள் அந்த மினுமினுப்பு மங்கிவிட்டது. நீலக் கோடு சாம்பல் நிறமானது. மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் காலையில் பில்டருக்குப் பின்னால் நான்கு செத்து மிதந்தன. பாதித் தண்ணீரை இறைத்துக் கொல்லைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் புதுக் கேனை உடைத்து ஊற்றினேன். சாயந்திரம் இன்னும் இரண்டு. மறுபடி பாதித் தண்ணீர், மறுபடி புதுக் கேன். அடுத்த நாள் கேன் தீர்ந்துபோய், குடிக்கப் பிடித்துவைத்திருந்த காவிரித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன்.

"கீழ வையி" என்றார் அய்யா.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. நான் வைக்கவில்லை.

"குடிக்கிற தண்ணிய எடுத்து ஊத்துற. இருக்குறத எடுத்துச் சாக்கடைல கொட்டுற. ஒங்காத்தா அங்கன நாலு கொடத்த வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிப் புடிச்சுட்டு வாரா. ஒனக்கு வெளையாட்டா இருக்கா?"

"வெளையாட்டு இல்லய்யா. சாகுதுக."

"நீ கொண்டாந்து விட்டதுனாலதான சாகுது!"

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசுகிறேன் என்று தெரியவில்லை. "நீங்க மட்டும் என்ன? மழ வருமா வராதான்னே தெரியாம மூடை மூடையா வெதையக் கொண்டுபோயிப் புழுதியில கொட்டல? ராத்திரி பகலா இங்க நடந்துக்கிட்டுத்தான கெடக்கீக?"

அவர் குரலைத் தணித்துச் சொன்னார். "நான் கொட்டுனது வெத. மழ வரலன்னா மொளைக்காமக் கெடக்கும். நீ போட்டது உசுரு."

குடத்தை இறக்கி வைத்தேன். அன்று சாயந்திரம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போது அவர் கூரையைப் பார்த்தார், நான் மருந்துப் புட்டியைப் பார்த்தேன். மறுநாள் காலைக்குள் மிச்ச மீன்களும் செத்துவிட்டன. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கை கழுவி உள்ளே வந்தேன். அய்யாவைக் காணோம்.

மாடியில் இல்லை. முனையிலிருக்கும் டீக்கடையில் இல்லை. போன் கட்டிலில் கிடந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையம் முழுக்கச் சுற்றினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒவ்வொரு கிழவரையும் திரும்பிப் பார்த்தேன். கணவருக்குப் போன் செய்தால் ஐஸ் உடைக்கும் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அம்மாவே கூப்பிட்டார்.

"ஒங்கய்யா இங்கன வந்துட்டாக. வீட்டுக்குள்ள கூட வரல. நேரா வயலுக்குப் போயி நிக்கிறாக. காத்து வேற இந்த அடி அடிக்குது. சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாகடி."

மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நயினார்கோவில் சாலையில் வண்டியை விட்டேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அது விலகிய இடத்திலெல்லாம் உழுது போட்ட வெறும் மண். காற்று அந்த மண்ணைத் தூக்கிச் சாலையில் வீசியது. எனக்கு அறுவை செய்யாத கண்ணே எரிந்தது.

அவர் மேட்டு வயலின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். துண்டைத் தலையில் போட்டு, அதன் நுனியைக் கண்ணாடிக்கு மேல் இழுத்துப் பிடித்திருந்தார். நான் வருவதைப் பார்த்தும் அசையவில்லை.

"வாங்கய்யா போவோம்."

"குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. அதான் நின்னுக்கிட்டு இருக்கேன்."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"கொஞ்சம் கிண்டிப் பாரு. எறும்பு இழுத்துட்டுப் போச்சா, இருக்கான்னு."

நான் உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ளினேன். இரண்டு விரல் ஆழத்தில் நெல் கிடந்தது. ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். நல்ல கண் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார், பல்லில் வைத்துக் கடித்தார். "இருக்கு" என்றார். இன்னும் நான்கு இடத்தைக் காட்டினார். நான்கையும் கிண்டினேன். நான்கிலும் இருந்தது. நானாகக் கிண்டிய இன்னொரு இடத்தில் வெறும் உமிதான் இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. மண்ணைத் தள்ளி மூடினேன்.

வரப்பில் உட்கார வைத்துக் கண்ணாடியைக் கழற்றினேன். கண் சிவந்திருந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று மருந்து விட்டேன். அப்போதுதான் நான் அழுதேன். மீனுக்காகவா, அவருக்காகவா, கோடையிலிருந்து சேர்ந்து கிடந்த எல்லாவற்றுக்காகவுமா, தெரியவில்லை. அவர் கண்ணை மூடியபடியே, "எல்லாம் செத்துப்போச்சா?" என்று கேட்டார்.

"ம்."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, ஆத்தா."

"நீங்க சொன்னது நெசந்தான்."

அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து, என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தார். நேராக ராமநாதபுரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். விளக்கடித்துப் பார்த்தார், தூசி உறுத்தல்தான், கிருமி எதுவும் பிடிக்கவில்லை என்றார். இன்னொரு சொட்டு மருந்தும் எழுதினார், என்னையும் திட்டினார்.

அதற்குப் பிறகு தொட்டியை முதலிலிருந்து தொடங்கினேன். வெளியே எடுத்த சிப்பியின்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டேன், நுரைத்தது. மணலிலும் விட்டேன், அதுவும் நுரைத்தது. இரண்டிலும் சுண்ணாம்பு. அப்படியானால் நான் ஊற்றிய நல்ல தண்ணீரையெல்லாம் அவை கரைந்து கரைந்து கடுமையாக்கியிருக்கின்றன. பதினோரு வருடம் சோதனைக் குழாய்களோடு இருந்தவளுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். அடுத்தவர் உடம்பில் ஓடுவதையெல்லாம் அளந்தேன், என் தொட்டியில் இருந்ததை அளக்கவில்லை.

கடைக்கார அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார். "ஒம்பது நாள்ல யாரு தொட்டி ரெடியாகுது? தெரிஞ்சுக்கிட்டுத்தான நானும் குடுத்தேன். அன்னைக்கு யாவாரமே இல்ல." அவர் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. தண்ணீர்ச் சோதனைக்கான மருந்துப் பெட்டி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார்.

தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறும் தொட்டியில் போட்டேன். அது அழுகினால்தான் கிருமிக்குச் சாப்பாடு. சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டு விட்டு நிறம் பார்த்தேன். கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். பச்சையாகவே இருந்தது. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை பார்த்தேன். "அடிக்கடி பாத்தா நெறம் மாறிருமா?" என்று கணவர் கேட்டார். மாறாது. தெரியும். ஆனால் கையை எங்கே வைத்துக்கொள்வது?

அய்யாவுக்கும் அப்படித்தான். அவர் முன்னைவிட அதிகமாகத்தான் நடந்தார். ஒன்று மட்டும் மாறியிருந்தது. குழாயை நான் ஆட்டும்போது பக்கத்தில் வந்து நின்று, "என்ன கலரு?" என்பார். "பச்ச." "அங்கனயும் ஒண்ணுமில்ல" என்று போனைக் காட்டுவார்.

ஐப்பசி பாதியில் ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வீடு இருண்டது. அய்யா கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய பிறகும் இருட்டாகவே இருந்தது. எச்சில் கையோடு எழுந்துவிட்டார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கடைக்கார அக்கா சொல்லியிருந்தார், மழைத்தண்ணீரைவிட இந்த மீனுக்கு நல்ல தண்ணீர் கிடையாது என்று. முதல் மழையில் தளத்தின் அழுக்கு போக வேண்டும், அதற்கப்புறம் விழுவதைப் பிடிக்க வேண்டும். கொட்டுகிற மழையில் தளத்தைத் தேய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். திரும்பினால் அய்யா குடையோடு மாடிக்கதவில் நிற்கிறார்.

"உள்ள போங்கய்யா! தலைல தண்ணி படக் கூடாது!"

"கொட புடிச்சிருக்கேன்ல!"

குடையைக் காற்று பின்பக்கமாக மடித்தது. அவர் அதை விடவில்லை. அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். அம்மா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, அந்தப் பக்கம் ஓடு தடதடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "அங்கனயுமா? அங்கனயுமா?" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். இரண்டு நீல டிரம்கள் நிறையும்வரை நாங்கள் மாடியைவிட்டு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவரைப் பிடித்துவைக்க முடியவில்லை. டாக்டர் சொன்ன ஒரு மாதத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது. "ஈரத்துல ஏது புழுதி?" என்றார். மருந்துப் பையைக் கையில் கொடுத்து, எந்த வேளைக்கு எது என்று அட்டையில் பெரிதாக எழுதி, பேருந்து ஏற்றிவிட்டு வந்தேன். அவர் போன பிறகு கூடம் பெரிதாகத் தெரிந்தது. நான் ஒருத்தியாக நடந்தேன்.

கார்த்திகை பிறந்து சில நாள் கழித்துக் குழாயில் மஞ்சள் வந்தது. நைட்ரைட் என்ற இன்னொரு நஞ்சுக்கான சோதனையும் சரியாக வந்தது. நம்பாமல் ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தேன். அதற்குள் பிழைத்த செடிகள் புது இலை விட்டிருந்தன. நான் கை வைக்காமல் விட்டதாலோ என்னவோ. பிறகுதான் கடைக்குப் போனேன். இருபது மீன். பையை அப்படியே கவிழ்க்கவில்லை. ஒரு வாளியில் விட்டு, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் இறங்கவிட்டேன். இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. எப்படி உட்கார்ந்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

முதல் வாரத்தில் மூன்று செத்தன. பதினேழு நின்றன. நாலைந்து நாள் மரக்கட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்துவிட்டு, ஒரு காலையில் எல்லாம் சேர்ந்து முன்னால் வந்தன.

மதுரையில் அந்தக் கூடத்தில் கிடைத்தது எனக்கு இதில் கிடைத்ததா என்றால், இல்லை. அந்த மீன்கள் எனக்குச் சொந்தமில்லை, சும்மா பார்த்தேன். இவற்றைப் பார்க்க உட்கார்ந்தால் எண்ணத்தான் தோன்றுகிறது. பதினாறு வந்தால் பதினேழாவதைத் தேடி எழுந்துவிடுகிறேன். அது செடிக்குள்தான் இருக்கும். இருந்தாலும் டார்ச்சை எடுத்து நான்கு பக்கமும் அடித்துப் பார்க்காமல் முடிவதில்லை.

ஊரில் மழை ஒரு வாரத்துக்குமேல் நிற்காமல் பெய்தது. பள்ளத்து வயல் மூழ்கி, முளைத்த பயிர் அழுகிப்போனது. மேட்டு வயல் இரண்டும் தப்பித்தன. அய்யா அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. எல்லா வருடமும் ஏதாவது ஒன்று போகும், எது என்றுதான் தெரியாது என்றார்.

மார்கழியில் பரமக்குடியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. விடியும் முன்பே பேருந்து பிடிக்க வேண்டும். காலையில் மீனுக்குத் தீனி போடுவது கணவரின் பொறுப்பு. ஒரு சிட்டிகைக்கு நாலு சிட்டிகையாகப் போடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். பேருந்து சத்திரக்குடி தாண்டும்போது போன் செய்வேன்.

"போட்டீங்களா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

"கொஞ்சமாத்தான போட்டீங்க? எத்தன இருக்கு, எண்ணுனீங்களா?"

"எங்கிட்டு எண்ண? நின்னாத்தான எண்ணுறது? ஓடிக்கிட்டே இருக்குதுக."

"செத்தது ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லப்பா. நீ பாத்துப் போ" என்பார்.

வைத்துவிடுவேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் திரும்பவும் போனைக் கையில் எடுத்திருப்பேன்.